கூக்குரலும் சாட்சியமும்: பண்டைய இஸ்ரவேலின் சமயச் சட்டத்தில் பெண்ணின் சொல்லும் தருமபுரி வாச்சாத்தி வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய இஸ்ரவேலின் சமயச் சட்டத்தில் பெண்ணின் நிலையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் திருமணம், சொத்துரிமை, தீட்டு ஆகிய மூன்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இக்கட்டுரை மற்றோர் அளவுகோலை முன்வைக்கிறது: சட்டத்தின் முன் பெண்ணின் சொல் எத்தகைய மதிப்பைப் பெற்றது என்பதே அது. உபாகமம் 22ஆம் அதிகாரம் ஊருக்குள் நிகழ்ந்த புணர்ச்சிக்கும் வயல்வெளியில் நிகழ்ந்த வன்புணர்வுக்கும் இடையே வகுக்கும் வேறுபாட்டை இக்கட்டுரை மையமாகக் கொள்கிறது. அவ்வேறுபாட்டின் உட்பொருள் இடமன்று, 'மீட்பார் இன்மை' என்பதே என நிறுவுகிறது. ஆங்கிலச் சட்ட மரபின் வழியே இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் காணப்பட்ட கூக்குரல் என்னும் அளவுகோல் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும், 1992இல் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் நிகழ்ந்த கொடுமையின் வழக்கு அவ்வளவுகோலின் போதாமையை எவ்வாறு காட்டுகிறது என்பதையும் ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: உபாகமம், இஸ்ரவேல், பெண் சாட்சியம், மிஷ்னா, சாட்சியச் சட்டம், வாச்சாத்தி, தருமபுரி.

முன்னுரை

ஒரு சமூகம் பெண்ணை எவ்வாறு மதித்தது என்பதை அறிய அச்சமூகத்தின் சட்டம் அவளுக்கு எதை வழங்கியது என்று கேட்பது ஒரு முறை. அவள் கூறியதைச் சட்டம் எப்போது நம்பியது என்று கேட்பது மற்றொரு முறை. இரண்டாவது வினா கூர்மையானது. ஏனெனில் ஏட்டில் எழுதப்பட்ட உரிமை எதுவாயினும், அது பறிக்கப்பட்டபோது 'பறிக்கப்பட்டது' என்று சொல்பவளின் சொல் ஏற்கப்படாவிடின் அவ்வுரிமை பயனற்றதாகிவிடும்.

இவ்வினாவைத் தமிழ்ச் சூழலில் எழுப்புவதற்குத் தருமபுரி மாவட்டம் தக்க களமாக அமைகிறது. அரூர்ப் பகுதியில் சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த வாச்சாத்தி என்னும் சிற்றூரின் பழங்குடிப் பெண்கள் 1992 ஜூன் மாதம் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொன்னார்கள். அச்சொல் நீதிமன்றத் தீர்ப்பாக மாறுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளும், மேல்முறையீட்டில் உறுதிப்படுவதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. உபாகமச் சட்டத்துக்கும் வாச்சாத்திக்கும் இடையே இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுக் கால இடைவெளி உண்டு. ஆயினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே: காப்பாற்ற எவருமில்லாத இடத்தில் எழுந்த கூக்குரலுக்கு யார் சாட்சி?

பெண்ணின் சொல்: சட்டநூலின் பொதுப் போக்கு

எபிரேய மறைநூலின் முதல் ஐந்து நூல்களில் பெண்ணின் சொல் ஒரே வகையாக மதிக்கப்படவில்லை. நேர்ச்சையைப் பற்றிய எண்ணாகமம் 30ஆம் அதிகாரம் இதற்குத் தெளிவான சான்று. ஆண் செய்த பொருத்தனை அவனைக் கட்டுப்படுத்தும். தந்தையின் வீட்டிலிருக்கும் இளம்பெண்ணின் பொருத்தனையைத் தந்தையும், மனைவியின் பொருத்தனையைக் கணவனும், அதனைக் கேட்ட நாளிலேயே தடுத்துவிடலாம். கைம்பெண்ணின் பொருத்தனையும் மணவிலக்குப் பெற்றவளின் பொருத்தனையும் மட்டுமே ஆணின் இசைவின்றி நிலைக்கும். இறைவனிடம் நேரடியாகச் சொன்ன சொல்லுக்கே இந்நிலை என்றால், மனிதர் முன் சொன்ன சொல்லின் நிலையை ஊகித்தறியலாம்.

எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் கணவனால் ஐயுறப்பட்ட மனைவிக்கான சடங்கை விவரிக்கிறது. சாட்சி எவருமில்லை, கணவனின் ஐயம் மட்டுமே உண்டு. ஆசாரியன் சாபமொழிகளைக் கூறிக் கசப்பான நீரைப் பருகச் செய்கிறான். அந்நெடிய சடங்கில் அவள் பேசுவது 'ஆமென், ஆமென்' என்பது மட்டுமே. தன் நிலையை விளக்க அவளுக்கு இடமில்லை. அவள் உடலே அவளுக்காகப் பேச வேண்டும். உபாகமம் 22:13-21 பகுதியில் கணவன் மனைவியின் கன்னிமை குறித்துப் பழி கூறும் வழக்கிலும் நிலை இதுவே. பெற்றோர் ஊர்ப் பெரியோர் முன் துணியை விரித்துக் காட்டுகின்றனர், தந்தை பேசுகிறான். பழி பொய்யெனில் கணவன் நூறு சேக்கல் வெள்ளியைத் தந்தைக்குச் செலுத்த வேண்டும். பழி மெய்யெனில் பெண் தந்தையின் வீட்டு வாயிலிலேயே கல்லெறிந்து கொல்லப்படுவாள். உயிர் போகும் வழக்கிலும் அவள் வாய் திறந்ததாக நூல் கூறவில்லை.

பொருளைக் கொண்டே பெண் தன் சொல்லை மெய்ப்பிக்க வேண்டியிருந்த நிலை தமிழ் மரபுக்கும் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியின் சொல் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. சிலம்பு உடைக்கப்பட்டு உள்ளிருந்த மாணிக்கப்பரல் தெறித்த பின்னரே உண்மை நிலைபெற்றது.

ஆயினும் இஸ்ரவேலின் நூல்களில் இதற்கு மாறான சான்றுகளும் உள்ளன. ஆண் வாரிசின்றி இறந்த செலொப்பியாத்தின் மகள்கள் ஐவரும் மோசே, ஆசாரியன், தலைவர்கள், சபையார் அனைவர் முன்பும் நின்று தந்தையின் பங்கைக் கேட்டனர் (எண்ணாகமம் 27:1-11). அவர்கள் கேட்டது நியாயமே என்று இறைவன் மொழிந்ததாகவும், அதன்படி மகனில்லாதவரின் உடைமை மகளுக்குச் சேரும் என்ற சட்டம் பிறந்ததாகவும் நூல் கூறுகிறது. பெண்கள் பேசியதனால் சட்டம் மாறிய அரிய நிகழ்வு இது. பின்னர் குலத்தலைவர்களின் முறையீட்டால், இவர்கள் தம் குலத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு சேர்க்கப்பட்டது (எண்ணாகமம் 36). பெண்கள் வென்ற உரிமையின் எல்லையை ஆண்களின் மறுமுறையீடு குறுக்கியது.

மற்றொரு சான்று இன்னும் வியப்பானது. பொ.ஆ.மு. 622 அளவில் யோசியா மன்னனின் ஆட்சியில் எருசலேம் ஆலயத்தில் ஒரு சட்டச்சுருள் கண்டெடுக்கப்பட்டது. அது உபாகமத்தின் மையப் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அச்சுருள் உண்மையானதா என்று கேட்டறிய மன்னனின் தூதர்கள் உல்தாள் என்னும் பெண் தீர்க்கதரிசியிடம் சென்றனர் (2 இராஜாக்கள் 22:14-20). பெண்ணின் சொல்லைப் பல இடங்களில் ஐயுறும் அந்நூலுக்கு ஒரு பெண்ணின் சொல்லே சான்றளித்தது. ஆகவே பெண்ணின் சொல் முற்றிலும் மதிப்பற்றிருந்தது எனல் பொருந்தாது. அவள் இறைவனின் வாயாக நின்றபோது நம்பப்பட்டாள். தன் உடலைப் பற்றித் தானே பேசியபோதுதான் ஐயத்துக்குள்ளானாள்.

ஊரும் வயலும்

உபாகமம் 22:23-27 இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைக்கிறது. மண ஒப்பந்தமான இளம்பெண்ணை மற்றொருவன் ஊருக்குள் கண்டு கூடினால் இருவரும் கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும்: ஊருக்குள் இருந்தும் கூக்குரலிடாததால் அவளும், பிறனுடைய மனைவியைக் கெடுத்ததால் அவனும். அதே செயல் வயல்வெளியில் வன்முறையால் நிகழ்ந்தால் ஆண் மட்டுமே கொல்லப்பட வேண்டும், பெண்மீது குற்றமில்லை. ஒருவன் அயலானைத் தாக்கிக் கொன்றதற்கு இது நிகர் என்று சட்டம் விளக்குகிறது. அவள் கூக்குரலிட்டும் காப்பாற்ற எவருமில்லை என்பது கூறப்படும் காரணம்.

இச்சட்டத்தின் குறைகளை முதலில் சுட்ட வேண்டும். இதில் காக்கப்படுவது முதன்மையாகக் கணவனாக வரவிருப்பவனின் உரிமை. மண ஒப்பந்தமாகாத பெண்ணுக்கு நேர்ந்த வன்முறையில் குற்றவாளி ஐம்பது சேக்கல் வெள்ளியைத் தந்தைக்குக் கொடுத்து அவளையே மணக்க வேண்டும். வாழ்நாளில் அவளைத் தள்ளிவிடலாகாது (உபாகமம் 22:28-29). அவளுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. அடிமைப்பெண்ணின் நிலை இன்னும் தாழ்ந்தது: மற்றொருவனுக்கு ஒப்பந்தமான அடிமைப்பெண்ணுடன் கூடியவனுக்கு மரணதண்டனை இல்லை, குற்றநிவாரண பலியே போதும் (லேவியராகமம் 19:20-22). போரில் பிடிபட்ட பெண்ணுக்குத் துக்கம் காக்க ஒரு மாதம் தரப்பட்டது; மறுக்கும் உரிமை தரப்படவில்லை (உபாகமம் 21:10-14). பெண்ணின் காயம் அவள் யாருக்கு உரியவள் என்பதைப் பொறுத்தே அளக்கப்பட்டது.

எனினும் வயல் பற்றிய விதியில் ஒரு புதுமை உண்டு. வயலில் அவள் கூக்குரலிட்டதைக் கேட்டவர் எவருமில்லை. அவ்வாறிருக்க, அவள் கூக்குரலிட்டாள் என்று சட்டம் எவ்வாறு அறிந்தது? அறியவில்லை, அவ்வாறு கொள்கிறது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின்றி எக்குற்றமும் நிலைநாட்டப்படலாகாது என்று விதிக்கும் அதே நூல் (உபாகமம் 19:15), இங்கே எவரும் கேளாத குரலுக்குத் தானே செவியாக நிற்கிறது. சாட்சியின்மையை அவளுக்கு எதிரான சான்றாகக் கொள்ளவில்லை. சாட்சி இருக்கவியலாத சூழலை அவளுக்கு ஆதரவாகக் கணக்கிடுகிறது.

அண்டை நாட்டுச் சட்டங்களுடன் ஒப்பிடும்போது இது விளங்கும். பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஹிட்டைட் சட்டத்தின் 197ஆம் பிரிவு, மலையில் நிகழ்ந்தால் குற்றம் ஆணுடையது, வீட்டில் நிகழ்ந்தால் குற்றம் பெண்ணுடையது என்று இடத்தை மட்டுமே கூறுகிறது. நடு அசீரியச் சட்டத்தொகுப்பு, தெருவில் சென்ற மணமான பெண்ணை ஒருவன் பற்ற, அவள் இசையாது தன்னைக் காத்துக்கொள்ள முயன்றிருந்தால் அவளை விடுவிக்கிறது. உபாகமமோ இடத்தைக் கூறியதோடு அதன் காரணத்தையும் கூறுகிறது: 'மீட்பார் இல்லை'. காரணம் கூறப்பட்டமையால் பின்வந்தோர் அவ்விதியை இடத்திலிருந்து பிரித்தெடுத்துச் சிந்திக்க இயன்றது.

'கூக்குரல்' என்னும் சட்டச்சொல்

இங்குக் 'கூக்குரலிடுதல்' என்று பொருள்படும் எபிரேய வினைச்சொல் 'ட்சாஅக்'. வயலில் கொல்லப்பட்ட ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து எழுப்பிய குரலுக்கு இச்சொல்லே ஆளப்படுகிறது (ஆதியாகமம் 4:10). அங்கும் வயல், அங்கும் சாட்சியில்லை. எகிப்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலைக் குறிப்பதும் இச்சொல்லடியே (யாத்திராகமம் 3:7). கைம்பெண்ணையும் தந்தையற்ற பிள்ளையையும் ஒடுக்கினால் அவர்கள் எழுப்பும் குரலை இறைவன் கேட்பார் என்னும் எச்சரிக்கையிலும் இதுவே வருகிறது (யாத்திராகமம் 22:22-24).

இச்சொல் வெறும் அலறலைக் குறிப்பதன்று. அதிகாரமுடையோரிடம் நீதி கோரி முறையிடுதலையும் குறிப்பது. பஞ்சத்தால் ஏழாண்டுகள் ஊர்விட்டுச் சென்றிருந்த சூனேம் ஊர்ப் பெண் திரும்பிவந்து, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் மன்னனிடம் முறையிட்டதை இதே சொல் சுட்டுகிறது (2 இராஜாக்கள் 8:1-6). மன்னன் அவளை வினவினான், அவள் சொன்னாள், வயலின் இடைக்கால விளைச்சலோடு அனைத்தையும் திருப்பித்தர ஆணையிட்டான். எனவே கூக்குரல் என்பது எழுப்புபவளின் தொண்டையை மட்டும் சார்ந்ததன்று. கேட்பவனின் செவியையும் சார்ந்தது. கேட்கும் கடமை உடையவர் இருந்தால்தான் கூக்குரல் முறையீடாகும்.

ஊருக்குள் எழுந்த கூக்குரல்: தாமாரும் சூசன்னாவும்

ஊருக்குள் கூக்குரல் எழுந்தால் மீட்பு கிட்டும் என்பது உபாகம விதியின் உட்கிடை. அவ்வெண்ணம் எவ்வளவு நொய்ம்மையானது என்பதை எபிரேயக் கதைமரபே காட்டுகிறது. தாவீதின் மகள் தாமாரை அவள் மாற்றாந்தாய் மகனான அம்னோன் எருசலேமில் தன் வீட்டிலேயே கெடுத்தான் (2 சாமுவேல் 13). அவள் சொல்லால் மறுத்தாள். காரணங்கள் காட்டி வாதிட்டாள். வெளியே தள்ளப்பட்ட பின் தலையில் சாம்பலிட்டு, ஆடையைக் கிழித்து, கூக்குரலிட்டுக்கொண்டே சென்றாள். 'ட்சாஅக்' என்பதன் இணைச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது. உடன்பிறந்த அப்சலோம் அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். மன்னனாகிய தந்தை சினந்தான், வேறொன்றும் செய்யவில்லை. நாட்டின் தலைநகரில், அரசகுடும்பத்துப் பெண் எழுப்பிய குரலுக்கே மீட்பார் இல்லை.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் பகுதியாக இடம்பெறும் சூசன்னாவின் கதை மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. தோட்டத்தில் அவளை வற்புறுத்திய முதியோர் இருவரும் மக்களின் நீதிபதிகள். சூசன்னா உரக்கக் கத்தினாள். அவர்களும் அவளுக்கு எதிராகக் கத்தினர். இருவரின் சாட்சி ஒத்திருந்ததாலும் அவர்கள் முதியோராகவும் நீதிபதிகளாகவும் இருந்ததாலும் சபை அவளுக்கு மரணதண்டனை விதித்தது. இளைஞனான தானியேல் இருவரையும் தனித்தனியே விசாரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டபோது விடைகள் முரண்பட்டன. அவள் உயிர் தப்பினாள். அவளைக் காத்தது அவளுடைய சொல்லன்று. ஆண்கள் இருவரின் சொற்களுக்கிடையே இருந்த முரண்பாடே. பழி சுமத்துவோரே நீதி வழங்குவோராகவும் இருக்கும்போது கூக்குரல் பயன்படாது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

பிற்கால உரையாளர்களின் திருத்தம்

உபாகம விதியின் போதாமையைப் பண்டைய யூத அறிஞர்களே உணர்ந்திருந்தனர். பொ.ஆ. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோ, தம் சட்ட விளக்கநூலில், நீதிபதி இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது என்றார். ஊருக்குள்ளேயே பெண்ணின் வாய் பொத்தப்பட்டு அவள் குரலெழுப்ப இயலாது போகலாம். தனித்த வெளியில் இசைவுடன் கூடியதும் இருக்கலாம். ஆகவே சூழலை ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. உபாகமத்துக்கு எழுந்த சிஃப்ரே என்னும் பண்டைய உரையும் இவ்வாறே முடிவு கண்டது: மீட்பார் இல்லையெனில் ஊரானாலும் வயலானாலும் பெண் குற்றமற்றவள். இடம் என்னும் புறக்குறி நீக்கப்பட்டு, காக்கக்கூடியவர் இருந்தனரா என்னும் உள்வினா நிலைபெற்றது.

பெண்ணின் சாட்சியம் பற்றிய பொதுநிலை இதற்கு மாறாக இறுகியது. பொ.ஆ. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ், பெண்களின் சாட்சியம் ஏற்கப்படலாகாது என்பதை மோசேயின் சட்டமாகவே எழுதினார். ஐந்நூல்களில் அத்தகைய வெளிப்படையான விதி இல்லை. பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, சாட்சி சொல்வதற்கான ஆணை ஆண்களுக்கே உரியது என்றது. ஆயினும் கணவன் இறந்தான் என்பதற்கு ஒரு பெண்ணின் சாட்சியைக்கூட ஏற்று மனைவியை மறுமணத்துக்கு விடுவித்தது. இன்றியமையாத இடத்தில் விதி நெகிழ்ந்தது.

மிஷ்னாவின் கெத்துபோத் பகுதியில் (1:6) பதிவான கருத்து வேறுபாடு இங்கு முதன்மையானது. மணமகள் கன்னியல்லள் என்று கணவன் கூற, மண ஒப்பந்தத்துக்குப் பின் தான் வன்முறைக்குள்ளானதாக அவள் கூறுகிறாள். இரபான் கமாலியேலும் இரபி எலியேசரும் அவள் நம்பத்தக்கவள் என்றனர். இரபி யோசுவா அவள் வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது என்று மறுத்தார். வழக்கு மணப்பணத்தைப் பற்றியதே எனினும், 'அவள் சொன்னால் போதுமா?' என்னும் வினா முழு வடிவில் எழுப்பப்பட்டு இரு தரப்பும் பதிவாகியுள்ளன.

ஆங்கிலச் சட்டம் வழியே இந்தியாவுக்கு

இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபிலும் கூக்குரல் என்னும் அளவுகோல் வேரூன்றியிருந்தது. மாத்யூ ஹேல் எழுதி 1736இல் அவர் மறைவுக்குப் பின் அச்சான குற்றவியல் நூல், பெண் நெடுநாள் முறையிடாதிருந்தாலோ, பிறர் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தும் குரலெழுப்பாதிருந்தாலோ அவள் கூற்று பொய்யாயிருக்கலாம் என்ற வலுவான ஊகம் எழும் என்றது. பிளாக்ஸ்டோன் 1769இல் வெளியிட்ட சட்ட விளக்கத்தின் நான்காம் தொகுதி அக்கருத்தை ஏற்றது. இக்குற்றம் பற்றிய பகுதியை யூதச் சட்டத்தில், குறிப்பாக உபாகம விதியில் இருந்தே தொடங்கியது. ஆங்கிலேய நீதியாளர் உபாகமத்தை அறிந்தே எழுதினர். ஆயின் 'ஊர்' விதி அவர்களிடம் வலுப்பெற்ற அளவுக்கு 'வயல்' விதி வலுப்பெறவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 8ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டுகளுள் ஒன்றில், வன்புணர்வுக்குப் பின் பெண் விரைவில் முறையிட்டாள் என்பதைப் பொருத்தமுடைய சங்கதியாக வைத்தது. விரைந்த முறையீடு சான்றாகும்போது தாமதமான முறையீடு ஐயத்துக்கு இடமாகிறது. இவ்வையத்தின் உச்சத்தை 1978இல் உச்ச நீதிமன்றம் துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு என்னும் வழக்கில் வழங்கிய தீர்ப்பில் காணலாம். 1972இல் காவல்நிலையத்துக்குள் பழங்குடி இளம்பெண் ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கு அது. உடலில் காயமில்லை, எதிர்த்துப் போராடியதாகக் கூறுவது ஏற்கத்தக்கதன்று என்று கூறிக் காவலர் இருவரும் விடுவிக்கப்பட்டனர். அப்பெண் இருந்தது ஊருக்குள்தான். ஆனால் அவள் யாரை நோக்கிக் கூக்குரலிட வேண்டுமோ அவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்கள்.

உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் எழுந்த பெண்ணியக்கப் போராட்டங்களின் பின் 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. காவலரின் அல்லது அரசு ஊழியரின் பொறுப்பில் இருந்த பெண் வன்புணர்வுக்கு ஆளான வழக்கு முதலிய சிலவற்றில், புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று அவள் சாட்சியம் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்று அப்பிரிவு விதித்தது. மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியது. 1996இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங் வழக்கில், நம்பத்தக்க பெண்ணின் சாட்சியத்துக்கு வேறு துணைச்சான்று கட்டாயமன்று என்பதையும், முறையீட்டுத் தாமதம் மட்டுமே வழக்கை வீழ்த்தாது என்பதையும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் இசைவு இருந்ததாகக் கருதலாகாது என்று சட்டத்திலேயே எழுதியது. கூக்குரலிடாமையைக் குற்றமாகக் கொண்ட பழைய 'ஊர்' விதி இந்தியச் சட்டத்தில் இவ்வாறு படிப்படியாக வலுவிழந்தது.

வாச்சாத்தி

1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் கடத்தல் சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வாச்சாத்திக்குள் நுழைந்தனர். ஊர் மக்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். ஆண்கள் பலர் அஞ்சி மலைக்கு ஓடினர். ஊரில் அகப்பட்ட பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஆலமரத்தடியில் திரட்டப்பட்டுத் தாக்கப்பட்டனர். அவர்களுள் பதினெட்டுப் பெண்கள் ஏரிப்பக்கம் கொண்டுசெல்லப்பட்டு வன்புணர்வுக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைக்கப்பட்டுப் பின் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

இத்தகைய வழக்குகளில் வழக்கமாக எழும் ஐயம், 'ஏன் உடனே சொல்லவில்லை?' என்பது. வாச்சாத்திப் பெண்கள் யாரிடம் சொல்லியிருக்கக் கூடும்? காவல்நிலையம் செல்வதெனில் வந்தவர்களுள் காவலரும் இருந்தனர். வருவாய் அலுவலகம் செல்வதெனில் அத்துறையினரும் வந்திருந்தனர். முறையிட வேண்டியவர்களோ குற்றவாளிகள் என்ற பெயரில் சிறையில் இருந்தனர். ஊரின் ஆண்கள் மலையில் இருந்தனர்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இதனை வெளிக்கொணர்ந்தன. அரசுத்தரப்பு மறுத்தது. அக்கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை அணுகினார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் விசாரித்த பாமதியின் அறிக்கை பெண்களின் கூற்றுக்கு வலுச்சேர்த்தது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் உயிருடன் இல்லை. எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றனர். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் ஐந்து இலட்சத்தை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

ஒப்புநோக்கு

உபாகம விதியை இடத்தைக் கொண்டு மட்டும் வாசித்தால் வாச்சாத்தி 'ஊர்' ஆகும்: மக்கள் கூடியிருந்தனர், பகற்பொழுது, அரசின் அலுவலர் பலர் அருகிலேயே இருந்தனர். சிஃப்ரே உரை வாசித்தவாறு வாசித்தால் அது 'வயல்' ஆகும். அங்கே கேட்போர் பலர் இருந்தனர், மீட்பார் எவருமிலர். மீட்க வேண்டிய அரசே தாக்கியபோது ஊர் முழுவதும் வயலாயிற்று. காவலில் உள்ள பெண்ணின் சொல்லுக்கு முன்னுரிமை தந்த 114ஏ பிரிவைப் பழைய 'வயல்' விதிக்கு இணையானது எனலாம். இரண்டும், சாட்சி இருக்கவியலாத இடத்தில் சாட்சியின்மையைப் பெண்மீது சுமத்தலாகாது என்னும் ஒரே அறத்தின்மீது நிற்கின்றன.

வேறுபாடுகளும் முதன்மையானவை. உபாகமம் காத்தது மண ஒப்பந்தமான சுதந்திரப் பெண்ணை. அடிமைப்பெண்ணுக்கும் சிறைப்பட்ட பெண்ணுக்கும் அக்காப்பு இல்லை. இந்தியச் சட்டம் ஏட்டளவில் அனைத்துப் பெண்களையும் காக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குக் கூடுதல் காப்பும் அளிக்கிறது. ஆயினும் ஏட்டில் இருந்த காப்பு வாச்சாத்திப் பெண்களுக்கு எட்ட முப்பத்தோராண்டுகள் ஆயின. பெண் யாருக்கு உரியவள் என்று பார்த்த பழைய சட்டத்தின் இடத்தில், பெண் எந்தக் குடியைச் சேர்ந்தவள், எவ்வூரினள், எதிரே நிற்பவர் யார் என்று பார்க்கும் நடைமுறை நின்றது. சட்டத்தின் சொற்கள் மாறியபின்னும் செவியின் இயல்பு எளிதில் மாறவில்லை.

மற்றொரு வேறுபாடு பெண்களின் செயலைச் சார்ந்தது. சூசன்னாவைக் காக்கத் தானியேல் வர வேண்டியிருந்தது. தாமாரின் குரல் அடக்கப்பட்டது. வாச்சாத்திப் பெண்களுக்குத் துணைநின்றோர் பலர். ஆயினும் வழக்கு நிலைபெற்றது அப்பெண்கள் அடையாள அணிவகுப்பிலும் நீதிமன்றக் கூண்டிலும் நின்று தாமே சொன்னதனால்தான். இவ்வகையில் அவர்கள் சபைமுன் நின்று தம் வழக்கைத் தாமே உரைத்த செலொப்பியாத்தின் மகள்களுக்கும் மன்னனிடம் முறையிட்ட சூனேம் ஊர்ப் பெண்ணுக்கும் நெருங்கியவர்கள்.

முடிவுரை

பண்டைய இஸ்ரவேலின் சமயச் சட்டம் பெண்ணை அடிமைப்படுத்தியது என்றோ உயர்த்தியது என்றோ ஒரே சொல்லில் முடிப்பது பொருந்தாது. அச்சட்டம் பெண்ணின் பொருத்தனையை ஆணின் இசைவுக்கு உட்படுத்தியது. ஐயுறப்பட்ட மனைவிக்கு 'ஆமென்' என்ற சொல்லைத் தவிர வேறு சொல் தரவில்லை. ஊருக்குள் எழாத கூக்குரலைக் குற்றமாக்கியது. அதே சட்டம், எவரும் கேளாத கூக்குரலையும் எழுந்ததாக ஏற்றது. பின்வந்த உரையாளர் அவ்வொரு விதியிலிருந்து 'மீட்பார் இருந்தனரா' என்னும் வினாவைப் பிரித்தெடுத்து, ஊர்ப்பெண்ணையும் அதனால் காத்தனர். ஆங்கிலச் சட்டமரபு கூக்குரலின்மையை ஐயத்துக்குரியதாக வைத்துக்கொண்டது. இந்தியச் சட்டம் 1983 முதல் அதனைத் திருத்திவருகிறது.

பெண்ணின் சொல்லை ஐயுறும் சட்டம் எப்போதும் அவள் என்ன செய்தாள் என்றே வினவுகிறது: கத்தினாளா, எதிர்த்தாளா, உடனே சொன்னாளா? உபாகமத்தின் வயல் விதியும் வாச்சாத்தித் தீர்ப்பும் அவ்வினாவைத் திருப்பிவிடுகின்றன: அவளைக் கேட்கக் கடமைப்பட்டவர் யார், அவர் எங்கிருந்தார்? 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு அன்றைய மாவட்ட உயர் அலுவலர்கள்மீதும் நடவடிக்கை கோரியதன் பொருள் இதுவே. கூக்குரலிட்டவளை மட்டுமன்றி, கேட்டும் கேளாதிருந்தவரையும் விசாரிக்கும்போதுதான் பெண்ணின் சொல் சட்டத்தில் முழு மதிப்பைப் பெறுகிறது.